க்னூகேஷில் வீட்டு வரவு செலவு எழுதுவது எப்படி?

என் பழைய கணக்கு நோட்டில் 'ஏடிஎம் 5,000' என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே 'மளிகை 1,840', 'கேஸ் சிலிண்டர்' என்று வரிசையாகப் போகும். அந்த ஐயாயிரத்தில்தான் மளிகை வாங்கினேன் என்பதால், மாதக் கடைசியில் கூட்டும்போது ஒரே பணம் இரண்டு தடவை செலவாகியிருக்கும்! பல வருடம் இப்படித்தான் ஓடியது.

இந்தக் கோளாறைச் சரிசெய்த மென்பொருள் க்னூகேஷ் (GnuCash). இலவசம், கட்டற்றது (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்); விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதல் நிலையான பதிப்பு 1998-லேயே வந்துவிட்டது. பழைய பேரேட்டுக்காரர்களின் இரட்டைப் பதிவு முறைதான் இதற்கு அடிப்படை. பணம் ஓர் இடத்திலிருந்து கிளம்பினால், எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

படி 1: கணக்குகளை அமைப்பது

அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி நிறுவுங்கள். திறந்ததும் 'ஃபைல்' மெனுவில் 'நியூ ஃபைல்' கொடுங்கள். நாணயம் கேட்கும்போது ஐஎன்ஆர், அதாவது இந்திய ரூபாய். அடுத்து வரும் பட்டியலில் 'காமன் அக்கவுண்ட்ஸ்' ஒன்றை மட்டும் டிக் செய்தால் போதும்.

சொத்து, கடன், வருமானம், செலவு, ஈக்விட்டி என்று ஐந்து தலைப்பில் கணக்குகள் வரும். செலவுக்குள் 'மெடிகேர்', 'சோஷியல் செக்யூரிட்டி' என்றெல்லாம் வரிக் கணக்குகள் இருக்கும். அவை அமெரிக்காக்காரர்களுக்கு, நீக்கிவிடலாம். மற்றவற்றின் பெயரைத் தமிழில் மாற்றிக்கொள்ளலாம். நான் 'மளிகை', 'ரொக்கம்' என்றுதான் வைத்திருக்கிறேன்.

இன்றைய வங்கி இருப்பையும் பர்ஸில் இருப்பதையும் 'ஓப்பனிங் பேலன்ஸ்' பத்தியில் போடுங்கள். பர்ஸை எண்ணிப் பார்த்தே போடுங்கள், குத்துமதிப்பு வேண்டாம். ஈக்விட்டி என்ற தலைப்பை இப்போதைக்குக் கண்டுகொள்ளாதீர்கள்.

படி 2: முதல் பதிவு

ரொக்கக் கணக்கை இரட்டை கிளிக் செய்தால் நோட்டு மாதிரி ஒரு பக்கம் திறக்கும். கடைசி வரி காலியாக இருக்கும். தேதி, விவரம் எழுதி, 'டிரான்ஸ்ஃபர்' பத்தியில் 'மளிகை' கணக்கைத் தேர்ந்தெடுத்து, 'ஸ்பெண்ட்' பத்தியில் 1,840 போட்டு என்டர் தட்டுங்கள். அவ்வளவுதான். ஒவ்வொரு பத்திக்கும் டேப் விசையிலேயே போகலாம். தேதியில் கூட்டல் விசை அடுத்த நாளுக்கும் கழித்தல் விசை முந்தைய நாளுக்கும் நகர்த்தும். தொகைப் பத்தியில் 45+30+120 என்று எழுதினால் அதுவே கூட்டிக்கொள்ளும். காய்கறிக்காரரிடம் பில் ஏது?

இப்போது அந்த ஏடிஎம் விஷயத்துக்கு வருவோம். வங்கிக் கணக்கைத் திறந்து 'வித்ட்ராயல்' பத்தியில் 5,000 போட்டு, டிரான்ஸ்ஃபரில் 'ரொக்கம்' கொடுங்கள். அப்புறம் ரொக்கப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே அதே 5,000 'ரிசீவ்' பத்தியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். மறுபடி எழுதாதீர்கள். செலவுத் தலைப்பில் ஒரு ரூபாய்கூட ஏறியிருக்காது, ஏனென்றால் பணம் இடம்தான் மாறியிருக்கிறது.

சம்பளத்தை வங்கிப் பக்கத்தில் 'டெபாசிட்' பத்தியில் எழுதி, டிரான்ஸ்ஃபரில் சம்பளக் கணக்கைக் கொடுங்கள்.

படி 3: ஒரே பில்லில் பல செலவு

2,150 ரூபாய் பில்லில் மளிகை 1,600, மருந்து 300, நோட்டுப் புத்தகம் 250 என்று வைத்துக்கொள்வோம். மேலே இருக்கும் 'ஸ்ப்ளிட்' பொத்தானை அழுத்தினால் வரி விரியும். ரொக்கத்தின் 2,150 வலப் பத்தியில், செலவுகள் மூன்றும் இடப் பத்தியில் வர வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். இரு பக்கமும் சமமாகாவிட்டால் மீதித் தொகையை 'இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர்' என்ற கணக்கில் தள்ளிவிடும். அந்தப் பெயரைப் பார்த்தால் உள்ளே போய்த் திருத்துங்கள்.

படி 4: கடைப் பாக்கி

கடன் தலைப்பின் கீழ் 'கடைப் பாக்கி' என்று புதுக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். கடனுக்குச் சாமான் வாங்கும் அன்றே இந்தப் பக்கத்தில் 'இன்க்ரீஸ்' பத்தியில் தொகையை எழுதி, டிரான்ஸ்ஃபரில் மளிகை கொடுங்கள். செலவு அன்றே பதிவாகிவிடும். பாக்கியைக் கட்டும்போது ரொக்கத்திலிருந்து கடைப் பாக்கிக்கு மாற்றினால் போதும். கிரெடிட் கார்டுக்கும் இதே கதைதான்: கார்டு பில் கட்டுவது செலவாகாது, தேய்த்த அன்றே அது செலவு.

படி 5: மாதக் கணக்கு

'ரிப்போர்ட்ஸ்' மெனுவில் 'இன்கம் ஸ்டேட்மென்ட்' எடுத்தால் எதற்கு எவ்வளவு போனது என்று வந்துவிடும். 'ஆப்ஷன்ஸ்' போய்த் தொடக்கத் தேதியை மாத முதல் நாளாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம். சேமிக்கும்போது உங்கள் கோப்புக்குப் பக்கத்திலேயே, பெயரில் நீளமாகத் தேதியும் நேரமும் ஒட்டிய கோப்புகள் சேரும். அவை பழைய பிரதிகள். நான் ஒருமுறை தெரியாமல் அவற்றில் ஒன்றைத் திறந்து, ஒரு வாரக் கணக்கை அதில் எழுதிக்கொண்டிருந்தேன். அசல் கோப்பில் அத்தனையையும் மறுபடி ஏற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.