காட்ஸில்லா முகப்பு இசையை மியூஸ்ஸ்கோரில் எழுதுவது எப்படி? (தொடக்கநிலையினருக்கு)

2023-இல் வந்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' படத்தில் ஒரு பழைய மெட்டு திரும்ப ஒலித்தது நினைவிருக்கலாம். 1954-இல் வந்த முதல் படத்துக்காக ஜப்பானிய இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே எழுதிய மெட்டு அது. அதை ஒரு முழு வாத்தியக்குழுவுக்கு நீங்களே எழுதி, கணினியில் வாசிக்கவைத்துக் கேட்கலாம். நான் செய்து பார்த்த வழியை இங்கே எழுதுகிறேன். மேற்கத்திய இசைக்குறிப்பைக் கொஞ்சம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும்.

என்னென்ன வேண்டும்

மியூஸ்ஸ்கோர் 4 என்ற மென்பொருள், மியூஸ் ஹப் வழியாக இறக்கிக்கொள்ளும் மியூஸ் சவுண்ட்ஸ் ஒலிகள். இரண்டும் இலவசம். எப்படி நிறுவுவது என்று விளக்கப் போவதில்லை, அது எளிது. இதற்கு ஒலிப்பதிவு மென்பொருள் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த இசையின் உயிர் தாளக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரிவது இசைக்குறிப்புத் தாளில்தான்.

அப்புறம், ஒரு நல்ல ஹெட்ஃபோன் கட்டாயம். கான்ட்ராபேஸில் (வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியம்) நாம் எழுதப்போகும் சுரம் 55 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் அது கேட்கவே கேட்காது. 'ஒன்றும் வரவில்லையே' என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

படி 1: மெட்டை வாயால் பாடுங்கள்

ஜப்பானில் இதை 'டோ ஷி ரா, டோ ஷி ரா' என்று பாடுவார்கள். நம் முறையில்:

ச நி த – ச நி த –
ச நி த ப த நி ச நி த –

சி கட்டையை சட்ஜமாக வைத்தால் எல்லாமே வெள்ளைக் கட்டைகள். மெட்டு ஒவ்வொரு முறையும் போய் உட்காரும் இடம் 'த' என்பதைக் கவனியுங்கள். அதனால் அடியில் நீட்டிப் பிடிக்க வேண்டிய சுரமும் அதுதான், அதாவது ஏ. அடியில் சி-யை வைத்துப் பாருங்கள், மெட்டு உடனே பள்ளிக்கூட ஆண்டுவிழாப் பாட்டு மாதிரி ஆகிவிடும்.

படி 2: கணக்கு (இங்கே அவசரப்படாதீர்கள்)

எல்லாருக்கும் கால் இடறுவது இங்கேதான், எனக்கும் இங்கேதான் நேரம் போனது. காதால் கேட்கும்போது சாதாரண அணிவகுப்பு இசை போலத்தான் இருக்கும். 4/4 என்று நினைத்து எழுத ஆரம்பித்தால் இரண்டாவது சுற்றிலேயே எல்லாம் ஒரு தட்டு தள்ளிப் போயிருக்கும்.

உண்மையான அமைப்பு இது: முதல் வரி 4 தட்டு, இரண்டாம் வரி 5 தட்டு, ஆக மொத்தம் 9. கையில் தாளம் போட்டுக்கொண்டு சொல்லிப் பாருங்கள்:

தக தீம் | தக தீம்
தக | தக | தக | தக | தீம்

'தக' என்றால் ஒரு தட்டுக்குள் இரண்டு சுரம், 'தீம்' என்றால் ஒரு தட்டு முழுக்க ஒரே சுரம். முதல் வரியில் 4 தட்டு, இரண்டாவதில் 5. மிருதங்கம் கொஞ்சம் கற்றவர்களுக்கு இது சங்கீர்ணம் (ஒன்பது எண்ணும் கணக்கு) தானே என்று உடனே புரிந்துவிடும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் எழுந்து நடந்துகொண்டே பாடுங்கள். தட்டுக்கு ஓர் அடி. முதல் சுற்றை இடது காலில் தொடங்கினால் அடுத்த சுற்று வலது காலில் தொடங்கும். 9 ஒற்றைப்படை எண் என்பதால் வரும் விளைவு அது. அணிவகுப்புபோல் ஒலிக்கும், ஆனால் எந்தப் படையாலும் இதற்குச் சீராக நடக்க முடியாது. இந்த மெட்டைக் கேட்கும்போது வரும் பதற்றத்துக்குப் பெரும் காரணம் இந்த ஒரு கூடுதல் தட்டு என்றுதான் நான் நினைக்கிறேன். வேகமோ சத்தமோ அதற்கு அடுத்ததுதான்.

1954 படத்தில் இந்த மெட்டு மிருகத்தின் மெட்டு கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதை எதிர்க்கக் கிளம்பும் மனிதர்களுக்காக இஃபுகுபே எழுதியது இது. காட்ஸில்லா ஊருக்குள் வரும் காட்சிகளுக்குக் கனமான, மெதுவான வேறு இசை இருக்கிறது. ஆனால் காலப்போக்கில் மக்கள் காதில் இதுவே காட்ஸில்லாவின் மெட்டாக நிலைத்துவிட்டது. 1983-இல் இஃபுகுபே தன் பட இசைகளைத் தொகுத்து 'சிம்ஃபோனிக் ஃபேன்டசியா' என்று மேடைக்கு எழுதியபோது இதையும் சேர்த்தார்.

படி 3: முதலில் கட்டங்கள், பிறகுதான் சுரங்கள்

புதிய கோப்பு திறந்து இந்த வாத்தியங்களைத் தேர்ந்தெடுங்கள்: ஹார்ன், டிராம்போன், டியூபா, டிம்பனி, பேஸ் டிரம், வயலின், வயோலா, செல்லோ, கான்ட்ராபேஸ். தாளம் 4/4.

இப்போது இரண்டாவது கட்டத்தை ('மெஷர்') தேர்வு செய்து, இடது பக்கப் பட்டியலில் இருந்து 5/4 போடுங்கள். அதற்குப் பின்னால் உள்ள எல்லாக் கட்டங்களும் 5/4 ஆகிவிடும், பயப்பட வேண்டாம். மூன்றாவதில் 4/4, நான்காவதில் 5/4, இப்படியே எட்டுக் கட்டம் வரை போங்கள்.

ஏன் இதை முதலிலேயே செய்யச் சொல்கிறேன் என்றால், முதல் இரண்டு கட்டத்தை எழுதிவிட்டு நகலெடுத்து ஒட்டினால் சுரங்கள் மட்டும்தான் போகும், தாளக்குறி கூடப் போகாது. ஐந்து தட்டு வரி நான்கு தட்டுக் கட்டத்தில் விழுந்து, மிச்சம் அடுத்த கட்டத்துக்கு வழிந்துவிடும். பார்ப்பதற்கு நீங்கள் சுரத்தைத் தவறாக எழுதியதுபோல இருக்கும். கட்டங்களை முதலிலேயே போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

9/4 என்று ஒரே கட்டமாக எழுதலாமே என்று சிலர் சொல்வார்கள். எழுதலாம். எனக்குப் பிடிக்காது. 4-ம் 5-ம் எங்கே பிரிகின்றன என்பது மறைந்துவிடுகிறது.

படி 4: சுரங்களை இடுதல்

வயலின் வரியில் முதல் கட்டத்தைத் தேர்ந்து 'N' விசையை அழுத்துங்கள். பிறகு:

முதல் கட்டம்: 4-ஐ அழுத்தி சி, பி, 5-ஐ அழுத்தி ஏ. இதையே இன்னொரு முறை.
இரண்டாம் கட்டம்: 4-ஐ அழுத்தி சி, பி, ஏ, ஜி, ஏ, பி, சி, பி, 5-ஐ அழுத்தி ஏ.

4 என்றால் அரைத் தட்டுச் சுரம், 5 என்றால் ஒரு தட்டுச் சுரம். இந்த இரண்டு கட்டத்தையும் தேர்ந்து, 3, 5, 7-ஆம் கட்டங்களில் ஒட்டுங்கள். வேகத்தை முதலில் 100-இல் வைத்துக் கேளுங்கள். கணக்கு சரியாக இருக்கிறதென்று உறுதியான பிறகு ஏற்றலாம்.

படி 5: குழுவுக்குப் பிரித்துக் கொடுத்தல்

புதிதாக எழுதுபவர்களின் கை இங்கே கார்டுகளைத் (chord, பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) தேடும். தேடாதீர்கள். வயோலாவுக்கும் செல்லோவுக்கும் அதே மெட்டைக் கொடுங்கள், செல்லோவுக்கு ஒரு ஸ்தாயி கீழே. ஹார்னுக்கும் அதே மெட்டு. எல்லாரும் ஒரே வரியை வாசிக்கும்போது வரும் முரட்டுத்தனம்தான் நமக்கு வேண்டும். டிராம்போனுக்கு ஒவ்வொரு 'தீம்' வரும் இடத்தில் மட்டும் ஏ. கான்ட்ராபேஸுக்கும் டியூபாவுக்கும் நீண்ட ஏ. கான்ட்ராபேஸ் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழேதான் ஒலிக்கும், அதனால் பேஸ் கிளெஃபின் முதல் இடைவெளியில் எழுதினால் போதும்.

சின்னச் சொற்றொடரை விடாமல் திரும்பத் திரும்ப வாசிப்பது இஃபுகுபேயின் கையெழுத்து. ஹொக்கைடோ தீவில் 1914-இல் பிறந்தவர், சிறு வயதில் அங்குள்ள பழங்குடியினரான ஐனு மக்களின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். படித்தது வனவியல், இசை தானாகக் கற்றது. போர்க்காலத்தில் மரங்களைப் பற்றிய ஆய்வில் கதிர்வீச்சு பட்டு உடல்நலம் கெட்டது. அணுகுண்டுச் சோதனையால் எழுந்து வரும் மிருகத்தின் கதைக்கு அப்படிப்பட்டவர் இசை எழுதினார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்த மெட்டைக் கேட்டால் அது வேறு மாதிரிக் கேட்கிறது.

படி 6: காலடிகள்

படத்தில் இசைக்கு முன்னால் காலடிச் சத்தமும் உறுமலும் வரும். அந்த உறுமலே ஒரு கான்ட்ராபேஸின் தந்தியை, பிசின் தடவிய தோல் கையுறையால் உரசி எடுத்தது. அதை மியூஸ்ஸ்கோரில் கொண்டுவர முடியாது. காலடிக்கு, தொடக்கத்தில் இரண்டு கட்டம் சேர்த்து, பேஸ் டிரமும் டிம்பனியும் சேர்ந்து கட்டத்துக்கு ஒரே ஓர் அடி. மிச்சம் மௌனம். நிரப்பாதீர்கள்.

கடைசியாக, கோப்புப் பட்டியலில் ஏற்றுமதி போய் எம்பி3 ஆக்கிக்கொள்ளுங்கள். இந்த இசைக்குக் காப்புரிமை உண்டு. வீட்டில் கேட்கவும் கற்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் ஏற்ற வேண்டாம்.

பின்சேர்க்கை: ஹார்ன் வரியில் வயலின் மெட்டை ஒட்டினால் சி-யை ஜி என்று காட்டுகிறதே என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அது பிழையே இல்லை. எஃப் ஹார்னுக்கு எழுதும் சுரம், ஒலிப்பதைவிட ஐந்து சுரம் மேலே இருக்கும். குழப்பமாக இருந்தால் 'கான்சர்ட் பிட்ச்' பொத்தானை அழுத்துங்கள், எல்லா வாத்தியமும் ஒலிக்கும் சுரத்திலேயே தெரியும். அச்செடுத்து உண்மையான ஹார்ன் வாசிப்பவரிடம் கொடுக்கும்போது மட்டும் மறக்காமல் அதை அணைத்துவிடுங்கள்.