கோவையைத் திறக்காமல் பதில் எழுதாதீர்கள்

வன்னியில் ஒரு பிரதேச செயலகத்துக்கு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) விண்ணப்பம் வந்தால் முதலில் எழும் கேள்வி "ஆர் கேட்டது?" என்பதுதான். என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் பார்ப்பார்கள். பாதித் தவறுகள் அந்த இடத்திலேயே தொடங்கிவிடுகின்றன.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. "இது உங்களுக்கு என்னத்துக்கு அம்மா?" என்ற கேள்வி மட்டும் கவுண்டரில் இன்னும் ஓயவில்லை.

சில வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு கந்தோரில் நடந்தது இது. வீட்டுத்திட்டப் பட்டியலில் தன் பெயர் ஏன் இல்லை, தனக்கு எத்தனை புள்ளி போட்டார்கள் என்று ஓர் அம்மா எழுதிக் கொடுத்தார். விடயத்துக்குப் பொறுப்பானவர் கெட்ட மனுசர் இல்லை, வேலையைக் கெதியாக முடிக்க நினைத்தார், அவ்வளவுதான். கடிதத்தைப் போனில் படம் எடுத்து, "இவவின்ர விபரத்தை ஒருக்கா அனுப்புங்கோ" என்று கிராம அலுவலர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அம்மா பஸ் பிடித்து வீடு போய்ச் சேர முன்னமே கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் படலையடியில் நின்றாராம். "என்ன அக்கா, எங்களுக்கு மேல பெட்டிசம் போட்டிருக்கிறியளாம்?"

அதற்குப் பிறகு அந்த அம்மா எங்கள் கந்தோரில் எதையும் கேட்கவில்லை. கேட்டவரின் பெயரும் ஒரு தனிப்பட்ட தகவல்தான். கிராம அலுவலரிடம் ஏதாவது பெற வேண்டியிருந்தால் எந்தப் பதிவு வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். கேட்டவரின் சொந்தப் பதிவே தேவை, பெயரைச் சொல்லாமல் முடியாது என்றால், அந்த ஒரு கிராம அலுவலரோடு மட்டும் பேசுங்கள்.

எழுதத் தெரியாதவரைத் திருப்பி அனுப்புவது அடுத்த தவறு. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை, சலுகை இல்லை. வெளியே மரத்தடியில் காசுக்கு எழுதிக் கொடுப்பவரிடம் போகச் சொல்வது சட்டப்படியும் பிழை, பார்க்கவும் நன்றாயில்லை. அச்சடித்த படிவத்தில் இல்லை என்று வெள்ளைத்தாளில் எழுதியதைத் தள்ளுவதும் அப்படித்தான். வாங்கியவுடன் எழுத்தில் பற்றுச்சீட்டு கொடுத்துவிடுங்கள்.

சரி, நாட்கணக்கு. தகவலைக் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுக்க 14 வேலை நாட்கள். கொடுப்பதாக முடிவெடுத்தால், அதிலிருந்து 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்; கட்டணம் இருந்தால் அதைக் கட்டிய நாளிலிருந்து கணக்கு. பெருந்தொகைப் பக்கங்கள் என்றால் காரணத்தை எழுதி இன்னும் 21 நாட்கள் வரை எடுக்கலாம். இந்த 21 நாட்களைத்தான் நம் ஆட்கள் எல்லா விண்ணப்பத்துக்கும் இயல்பான தவணைபோல எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவரின் உயிரோடும் சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட கேள்வி என்றால் 48 மணித்தியாலம்தான். தபால் புத்தகத்தில் பதிந்து, டி.எஸ். (பிரதேச செயலாளர்) பார்த்து, கிளைக்கு வந்து சேரவே நாலு நாள் போகிற கந்தோர்களில் அந்த வகைக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இனி, எனக்கு அதிகம் தலையிடி தந்த விடயம். யாராவது வீட்டுத்திட்டப் பயனாளிகளின் பட்டியலைக் கேட்டால் கந்தோரில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சி "அது ஆக்களின்ர சொந்த விபரம், குடுக்கேலாது" என்று ஒரு வரியில் மறுக்கும். மற்றக் கட்சி பிரச்சினை வேண்டாம் என்று முழுக் கோவையையும் போட்டோ கொப்பி அடித்துக் கொடுத்துவிடும். இரண்டு பேரும் கோவையைத் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் விசயம். திறந்தால் தெரியும்: கொடுக்க வேண்டியதும் மறைக்க வேண்டியதும் ஒரே தாளில்தான் இருக்கின்றன. அரச பணத்தில் வீடு கிடைத்தவரின் பெயர், புள்ளி, தெரிவுக்கான காரணம் ஆகியவற்றில் பொதுநலன் இருக்கிறது. வங்கிக் கணக்கு இலக்கம், தொலைபேசி இலக்கம், நோய் விபரம் ஆகியவற்றை ஊருக்குக் காட்ட ஒரு தேவையும் இல்லை. சட்டத்தின் 5 ஆம் பிரிவு தனிப்பட்ட தகவலைக் காக்கிறது. ஆனால் பெரிய பொதுநலன் இருந்தால் அந்தக் காப்பு விலகும். 6 ஆம் பிரிவு, மறைக்க வேண்டியதை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடு என்கிறது. முழுதாக மறுப்பதற்கு முன் 6 ஐ வாசியுங்கள்.

மறைப்பதிலும் வழுக்கல் இருக்கிறது. பெயரை அழித்துவிட்டு அடையாள அட்டை இலக்கத்தை விட்டுவிடுவார்கள். பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஒரு கிராம அலுவலர் பிரிவுக்குள் இவ்வளவும் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். பெயர் இல்லாமலே ஆளைக் காட்டிக்கொடுக்கும் நிரல்களும் உண்டு. முப்பது குடும்பம் இருக்கும் ஒரு குடியேற்றத்தில் "கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர், நான்கு பிள்ளைகள்" என்று இருந்தால் அது யார் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

கறுப்பு மாக்கரால் அடித்த தாளை அப்படியே கையில் கொடுக்காதீர்கள். வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்துத் தெரியும். மூலத்தில் கை வைக்கவே வேண்டாம். நகலில் அடித்து, அந்த நகலை மறுபடி நகல் எடுத்துக் கொடுங்கள். மின்னஞ்சலில் எக்செல் அனுப்புகிறவர்கள் நிரலை ஒளித்து வைத்து அனுப்புவார்கள். பெறுகிறவர் இரண்டு தட்டில் திறந்துவிடுவார். வேண்டாத நிரலை அழித்த புதுப் பிரதியாக அனுப்புங்கள்.

தலைகீழான தவறு ஒன்றும் நடக்கிறது. ஒருவர் தன் சொந்தக் கோவையைக் கேட்கும்போது "தனிப்பட்ட தகவல்" என்று மறுத்துவிடுவது! யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும், தன் விபரத்தைப் பார்க்கவும் திருத்தவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்பதுதான். அதன் பகுதிகள் நடைமுறைக்கு வரும் திகதி தள்ளித் தள்ளிப் போனது உண்மை. அதை ஒரு சாட்டாக வைத்துக்கொண்டு கதவைப் பூட்ட முடியாது.

எப்படி மறுத்தாலும் எந்தக் காரணத்தில் மறுக்கிறோம், யாரிடம், எத்தனை நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தில் இருக்க வேண்டும். முதல் மேன்முறையீட்டைப் பார்க்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் போகலாம். அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போக இரண்டு மாதம் இருக்கிறது.

கடைசியாக, எங்கள் மண்ணுக்கே உரிய ஒரு பதில்: "யுத்தத்தில் அழிந்துவிட்டது." இது பலமுறை உண்மை. 2008, 2009 இல் கந்தோர்களே பெட்டி படுக்கையோடு இடம்பெயர்ந்தன, கோவைகள் எங்கே போயின என்று சொல்ல ஆளில்லை. ஆனால் தேடாமலே எழுதும் பழகிய வரியாகவும் இது ஆகிவிட்டது. பெர்மிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) ஒன்றின் விபரம் கேட்டால் கந்தோர்ப் பேரேட்டோடு நிறுத்தாதீர்கள். காணி ஆணையாளர் பக்கம் பிரதி இருக்கலாம். நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் இருக்கலாம். 2013/01 காணிச் சுற்றறிக்கையின் கீழ், ஆவணம் தொலைத்தவர்கள் தாங்களே நிரப்பித் தந்த விண்ணப்பங்கள் எங்கள் அலுமாரிகளிலேயே கட்டுக் கட்டாக இருக்கின்றன. வேறு திணைக்களத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் கடிதத்தை அங்கே அனுப்பிவிட்டு, அனுப்பியதைக் கேட்டவருக்கும் அறிவியுங்கள்.

தேடியும் கிடைக்காவிட்டால் இப்படி எழுதலாம்: "2009 க்கு முந்திய காணிப் பேரேடு இவ்வலுவலகத்தில் இல்லை. காணிக் கிளையின் பதிவேடுகளையும் 2013/01 விண்ணப்பக் கோவைகளையும் இன்ன திகதியில் பார்த்தோம். உங்கள் காணி தொடர்பாக அவற்றில் பதிவு இல்லை." நாலு வரி நீளம்தான். இதைப் பெறுகிறவர் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துகொண்டு போவார்.

இதோடு ஒரு எச்சரிக்கை. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இருந்த பதிவுகளை அன்றிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகளும், அதற்குப் பிறகு உருவானவற்றை உருவான நாளிலிருந்து 12 ஆண்டுகளும் வைத்திருக்க வேண்டும். வருடக் கடைசியில் களஞ்சிய அறையைத் துப்புரவு செய்யும்போது, கறையான் பிடித்தது என்று கட்டோடு தூக்கி எரிக்குமுன் மேலட்டையில் இருக்கும் திகதியைப் பாருங்கள்.