பித்தளையா, முலாமா: அடர்த்தியை வீட்டிலேயே அளப்பது எப்படி?

ஒரு பொருளின் நிறத்தையும் பளபளப்பையும் முலாம் பூசி மாற்றிவிடலாம். அடர்த்தியை அவ்வாறு ஏமாற்றுவது கடினம். கிராம் காட்டும் சமையலறைத் தராசு, அகன்ற டம்ளர், நூல் ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

முதலில் பித்தளை அகலை உலர்ந்த நிலையில் நிறுத்து, எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பாதியளவு நீர் நிரப்பிய டம்ளரைத் தராசில் வைத்து, அளவைச் சுழியமாக்கி, நூலில் கட்டிய அகலை அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுவதும் மூழ்குமாறு தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் கிராம் எண்ணே அகலின் கன அளவு, கன சென்டிமீட்டரில். ஏனெனில் விலகிய நீரின் எடைக்குச் சமமான விசை டம்ளரைக் கீழே அழுத்துகிறது. எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்: அகல் 255 கிராம் இருந்து தராசு 30 காட்டினால் அடர்த்தி 8.5; அது பித்தளைதான். இரும்பு 7.9, அலுமினியம் 2.7. அகலின் குழிவில் காற்றுக்குமிழி தங்கினால் கணக்குத் தவறும் என்பதால், நீருக்குள் ஒருமுறை சாய்த்துக் குமிழியை வெளியேற்றுவது நல்லது. என் முதல் முயற்சி இதனால்தான் கெட்டது.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த நீரில் இதைச் செய்யலாகாது. கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 1,025 கிராம் கனப்பதால், கன அளவு சற்றுக் கூடுதலாகத் தெரியும். அந்த நீரில் புதிய கோழிமுட்டை மிதக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அது மூழ்கவே செய்யும், மேலும் சில கரண்டி உப்புச் சேர்த்தால்தான் எழும்பும்.