பெயிண்ட் ரோலருக்கு நீட்டுக் கம்பு வாங்குவது எப்படி?

வீட்டுக்கு நாமே பெயிண்ட் அடிக்கலாம் என்று இறங்குபவர்கள் நிறம் பார்க்க நிறைய நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். ரோலரில் மாட்டும் கம்பை மட்டும் ஹார்டுவேர் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கி வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கடையில் இருப்பதிலேயே நீளமான கம்பாக இருக்கும். சீலிங் அடித்த மறுநாள் தோளும் கழுத்தும் வலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் அறைக்கு எட்டுகிற கம்புகளில் மிகக் குட்டையானதை வாங்குங்கள். நீளம் கூடக்கூட நுனியில் இருக்கும் ரோலர் கனக்கும், ஆடும், கோடு கோணலாகும்.

முதலில் வீட்டிலேயே அளவெடுங்கள்

ஒட்டடைக் கம்பை எடுத்து, நுனி சீலிங்கைத் தொடும்படி முன்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். ஒரு கை இடுப்பருகே, மற்றொரு கை நெஞ்சுக்கு நேரே இருக்கட்டும். தலைக்கு நேர் மேலே அடிக்கக் கூடாது. இரண்டு மூன்று அடி முன்னால் அடித்தால்தான் சொட்டும் பெயிண்ட் கண்ணில் விழாது, கழுத்தும் மடங்காது. கீழ்க்கை பிடித்த இடத்தில் ஒரு அடையாளம் வைத்து, அங்கிருந்து நுனி வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். ரோலரும் அதன் கைப்பிடியும் ஏறக்குறைய 1 அடி வரும். அதைக் கழித்தால் உங்களுக்குத் தேவையான கம்பின் நீளம் கிடைக்கும்.

10 அடி உயர அறை என்று வைத்துக்கொள்வோம். கீழ்க்கை 3 அடி உயரத்தில் இருந்தால் மீதி 7 அடி. ரோலருக்கு 1 அடி போக 6 அடி. சாய்த்துப் பிடிப்பதற்கு அரை அடி சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே 4 அடியிலிருந்து 8 அடி வரை இழுத்து நீட்டும் கம்பு இப்படிப்பட்ட அறைக்குச் சரி. நீட்டினால் சீலிங்குக்கு ஆகும், சுருக்கினால் சுவருக்கு ஆகும். குளியலறையிலும் பரணுக்கு அடியிலும் 4 அடிக் கம்பே பின்சுவரில் இடிக்கும். அங்கே 2 அடி முதல் 4 அடி வரை நீளும் சிறிய கம்புதான் உதவும்.

மாடிப்படிச் சுவருக்கு 12 அடிக் கம்பு கேட்பவர்கள் உண்டு. புதிதாகப் பழகுபவரால் அந்த நீளத்தில் ரோலரை நேராக ஓட்டுவது கடினம். அந்த ஒரு சுவரை மட்டும் சாரம் கட்டத் தெரிந்த பெயிண்டரிடம் விட்டுவிடுவது நல்லது என்பேன்.

கடைக்கு ரோலரையும் எடுத்துச் செல்லுங்கள்

ரோலர் கைப்பிடியின் அடியில் உள்ள துளையைப் பாருங்கள். சிலவற்றில் மரை (திருகி மாட்டும் புரி) இருக்கும், சிலவற்றில் வெறும் துளைதான். மரை உள்ளதை வாங்குங்கள். மரையில்லாத கைப்பிடியில் கம்பை அழுத்திச் செருகினாலும், ரோலரைக் கீழே இழுக்கும்போது அது கழன்று தலையில் விழக்கூடும். மரைகளிலும் அளவு வேறுபடும். துடைப்பக் கம்பின் மரை ரோலருக்குப் பொருந்தும் என்று நம்பிப் போகாதீர்கள். கடையிலேயே திருகிப் பாருங்கள். கோணாமல் கடைசி வரை இறங்க வேண்டும், இறுக்கியபின் ஆடக் கூடாது. கம்பு நுனியின் மரை உலோகமாக இருந்தால் நீண்ட நாள் வரும். பிளாஸ்டிக் மரை சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பூட்டைச் சோதியுங்கள்

இதில் அவசரப்படவே கூடாது. நீளும் கம்புகளில் இரண்டு வகைப் பூட்டு அதிகம் கிடைக்கிறது. ஒன்று திருகி இறுக்குவது. எந்த நீளத்திலும் நிற்கும், ஆனால் கையில் ஈரமும் பெயிண்டும் இருக்கும்போது முழுசாக இறுக்க வராது, வேலைக்கு நடுவே மெல்ல உள்ளே இறங்கும். இன்னொன்று பொத்தான் துளையில் வந்து உட்காருவது. குறிப்பிட்ட நீளங்களில்தான் நிற்கும், ஆனால் நழுவாது. புதியவர்களுக்கு இரண்டாவதையே சொல்வேன்.

தேவையான நீளத்துக்கு நீட்டிப் பூட்டி, கம்பைத் தரையில் செங்குத்தாக ஊன்றி, இரு கைகளாலும் பலமாகக் கீழே அழுத்துங்கள். கொஞ்சம் இறங்கினாலும் வேண்டாம். பிறகு ஒரு முனையைப் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டிப் பாருங்கள். வெறும் கம்பே வளைந்து தொங்கினால், பெயிண்ட் குடித்த 9 அங்குல ரோலரை அது தாங்காது. ஒட்டடைக் கம்பு அளவெடுப்பதற்கு மட்டும்தான் என்று சொல்வதும் இதனால்தான்.

அலுமினியமா, ஃபைபரா?

அலுமினியம் லேசானது, துருப்பிடிக்காது, வீட்டு வேலைக்குப் போதும். இரும்புக் குழாய் உறுதிதான், ஆனால் சீலிங் அடிக்கும்போது கை சோர்ந்துபோகும். ஃபைபர் கிளாஸ் விலை கூடுதல். சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கும்வரை மின்சாரம் கடத்தாது.

அலுமினியமும் இரும்பும் கடத்தும் என்பதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். ஃபேன் கொக்கி, விளக்குப் பாயிண்ட் அருகே ஈர ரோலரைக் கொண்டுபோகும் முன் மெயினை அணைத்துவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பகல் வெளிச்சத்தில் வேலையை முடித்துக்கொள்ளலாம். வெளிச்சுவர் அருகே மின்கம்பி போனால் எந்தக் கம்பையும் அங்கே நீட்ட வேண்டாம். ஈரமான மூங்கிலும் மின்சாரம் கடத்தும்.

மாட்டி அடிக்கும்போது

ரோலரைத் திருகி, பூட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு, முதலில் சுவரில் பழகுங்கள், பிறகு சீலிங்குக்குப் போகலாம். பெயிண்டில் தோய்த்த ரோலரைத் தட்டில் உருட்டி வழித்துவிட்டுத் தூக்குங்கள். அழுத்தி அடித்தால் ரோலரின் ஓரங்களில் பெயிண்ட் பிதுங்கிக் கோடு விழும். மெல்ல உருட்டினாலே போதும். கோடு விழ ஆரம்பித்தால் ரோலரில் பெயிண்ட் குறைந்துவிட்டதா என்றும் பாருங்கள், காய்ந்த ரோலரைத்தான் நாம் அறியாமல் அழுத்துகிறோம். சீலிங் ஓரமும் மூலையும் கம்புக்கு எட்டினாலும் ஒழுங்காக வராது, அவற்றை முன்கூட்டியே பிரஷ்ஷால் அடித்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் கம்பை அப்படியே சுருக்கிவிடாதீர்கள். உள்குழாயில் தெறித்த பெயிண்ட்டை ஈரத்துணியால் துடைத்து, மரையையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவிட்டுப் பிறகு சுருக்குங்கள். பெயிண்ட் உள்ளே காய்ந்துவிட்டால் அடுத்த முறை கம்பு நீளாது.