பிள்ளை பள்ளியோடு வெளிநாடு போகிறதா? நெல்லைப் பக்கமிருந்து ஜெர்மனி வந்த பெற்றோருக்கு

பாளையங்கோட்டை, அம்பை, தென்காசி, வள்ளியூர் என்று நம் பக்கத்திலிருந்து வேலைக்கு ஜெர்மனி வந்து, பிள்ளையை இங்கே பள்ளியில் சேர்த்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் வருடம் வீடு, வங்கிக் கணக்கு, பள்ளி இடம் என்று ஓடிவிடும். அப்புறம் ஒருநாள் பிள்ளை ஒரு தாளை நீட்டும். வகுப்போடு ஆஸ்திரியாவுக்கோ பிராகாவுக்கோ போகிறார்களாம், கையெழுத்து வேண்டுமாம். இங்கே இதைக் கிளாசன்ஃபார்ட் என்பார்கள். பஸ், விடுதி, சாப்பாடு எல்லாம் பள்ளி பார்த்துக்கொள்ளும். பாஸ்போர்ட் விவகாரம் நம் தலையில்தான். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் ஜெர்மன் அடையாள அட்டையோடு இருந்தால், நம் பிள்ளைக்கு வேறு விதி என்பது ஆசிரியருக்கு நினைவே வராமல் போகலாம். அவர் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தாள் வந்த அன்றே கேளுங்கள்: எந்த நாடு, வழியில் எந்தெந்த நாடு? ஷெங்கன் நாடுகள் (ஒரே விசா முறையில் சேர்ந்திருக்கும் ஐரோப்பிய நாடுகள்) என்றால் விசா வேண்டாம். செல்லுபடியாகும் இந்தியப் பாஸ்போர்ட்டும் ஜெர்மன் குடியிருப்பு அட்டையும் சேர்ந்து இருந்தால் 180 நாளில் 90 நாள் வரை போய்வரலாம். குரோஷியாவும் 2023 முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. அயர்லாந்தும் பிரிட்டனும் அப்படியல்ல. பிரிட்டன் 2021 அக்டோபரில் நுழைவு விதியை இறுக்கியது. பள்ளிக் குழுக்களுக்குத் தளர்த்துவதாக 2025-இல் ஜெர்மனியோடு ஒப்பந்தமும் போட்டிருக்கிறது. எனவே லண்டன் பயணம் என்றால் பள்ளி சொல்வதோடு நிறுத்தாமல் பிரிட்டன் அரசின் இணையதளத்தையும் பாருங்கள். "பஸ்ஸில் போகிற பிள்ளைகளை எல்லையில் யார் பார்க்கப் போகிறார்கள்" என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. அசல் பாஸ்போர்ட்டும் அசல் அட்டையும் பிள்ளையோடு போக வேண்டும்.

15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இந்தியப் பாஸ்போர்ட் 5 வருடத்துக்குத்தான் தருவார்கள். திருநெல்வேலி சேவா கேந்திராவில் குழந்தைக்கு இரண்டு வயதில் எடுத்திருந்தால் ஏழில் முடிந்துவிடும். குடியிருப்பு அட்டையின் காலமும் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போகாது, ஆக இரண்டும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். முதலில் தூதரகம் வழியாகப் பாஸ்போர்ட், பிறகு வெளிநாட்டவர் அலுவலகத்தில் அட்டை. இரண்டுக்கும் நேரம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. திரும்பும் விமானத்துக்கு முன் பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை என்றால் குடும்பமே ஊரில் மாட்டிக்கொள்ளும். அட்டைக்குப் பதில் தற்காலிகச் சான்றுதான் கையில் இருக்கிறதென்றால், அதை வைத்து நாடு தாண்டலாமா என்று அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பெயர். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. மகன் கவின் என்றால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் அப்பா பெயர் சுடலைமுத்து நிற்கும், அல்லது அந்த இடம் காலியாக இருக்கும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று விதம். பள்ளிப் பதிவேட்டில் இன்னொரு விதமாக ஏறியிருக்கவும் கூடும். பயணப் பட்டியலும் விமான டிக்கெட்டும் அந்தப் பதிவேட்டைப் பார்த்தே தயாராகும். பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலை ஆசிரியரிடம் கொடுத்து, அதில் உள்ள எழுத்துப்படியே போடச் சொல்லுங்கள். இதைப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தோடு சேர்த்தே கொடுத்துவிடலாம். அந்தக் கடிதத்தில் இருவர் பெயரும், பாஸ்போர்ட் எண்ணும், இரவில் எடுக்கக்கூடிய தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.

இவன் எங்கள் பிள்ளைதான் என்று காட்டப் பிறப்புச் சான்றிதழும் அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் வீட்டில் தயாராக இருக்க வேண்டும். அது ஊரில் ஆச்சி வீட்டுப் பீரோவில் இருக்கிறது என்றால் இப்போதே கேளுங்கள். தமிழ்நாட்டுப் பதிவுகளைச் சிஆர்எஸ்டிஎன் தளத்திலும் தேடலாம். கையில் வந்ததும் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, பிள்ளையின் பெயர். ஆஸ்பத்திரியில் பிறந்தவுடன் பதிந்த சான்றிதழில் பெயரே இல்லாமல் இருப்பது நம் பக்கம் சாதாரணம். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமலும், அதன்பின் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டியும் பெயர் சேர்க்கலாம். இன்னொன்று, பிறந்த ஊர். பாளையங்கோட்டையை ஆங்கிலத்தில் ஒரு தாளில் "எம்" போட்டும் மற்றதில் "என்" போட்டும் எழுதியிருப்பார்கள். நமக்கு இரண்டும் ஒன்று, இங்கே கவுண்டரில் இருப்பவருக்கு இரண்டு ஊர்.

மருத்துவத்துக்கு வருவோம். அரசு காப்பீட்டில் இருந்தால் பிள்ளையின் காப்பீட்டு அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம்தான் ஐரோப்பிய மருத்துவ அட்டை. அங்கே பெயரும் எண்களும் அச்சாகியிருக்க வேண்டும். நட்சத்திரக் குறிகள் மட்டும் இருந்தால் அது செல்லாது, காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு மாற்றுச் சான்று வாங்க வேண்டும். தனியார் காப்பீட்டுக்காரர்களுக்கு இந்த அட்டை கிடையாது.

முக்கியமான ஒன்று: இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு இந்த அட்டை டென்மார்க், சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனில் செல்லாது. பக்கத்துப் பெஞ்சு ஜெர்மன் பிள்ளைக்குச் செல்லும், நம் பிள்ளைக்குச் செல்லாது. செல்லுகிற நாட்டிலும் அந்த நாட்டு அரசு முறைப்படியான அவசியச் சிகிச்சைக்கு மட்டுமே. பனிச்சறுக்கில் கால் முறிந்து மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கினாலோ, ஆம்புலன்ஸில் ஜெர்மனிக்குத் திருப்பிக் கொண்டுவந்தாலோ அந்தச் செலவு நம்முடையது. அதற்காகவே குடும்பத்துக்கு வருடாந்தர வெளிநாட்டு மருத்துவக் காப்பீடு எடுக்கச் சொல்கிறேன். பிரீமியம் பெரிய தொகை அல்ல. எடுக்கும்போது ஒரு வரியைத் தேடுங்கள்: வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் திருப்பி அழைத்து வருவார்களா, அழைத்து வருவது நல்லது என்று மருத்துவர் சொன்னாலே வருவார்களா? இரண்டாவது வகையை எடுங்கள்.

மாத்திரை, இன்ஹேலர் எதுவானாலும் மருத்துவர் சீட்டோடும் நம் எழுத்துச் சம்மதத்தோடும் ஆசிரியரிடம் கொடுங்கள். ஊரிலிருந்து வந்த மாத்திரையைப் பட்டையிலிருந்து பிய்த்துக் காகிதத்தில் மடித்து அனுப்பாதீர்கள். கவனக்குறைபாட்டுக்கு (ஏடிஹெச்டி) தரும் சில மருந்துகள் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். அவற்றுக்கு 30 நாள் செல்லும் ஷெங்கன் சான்றிதழை மருத்துவரிடம் எழுதி வாங்கி முத்திரை பெற வேண்டும்.

படிவத்தில் நீச்சல் தெரியுமா என்று ஒரு கேள்வி இருக்கும். குறுக்குத்துறையில் தாத்தாவோடு முங்கிக் குளித்த பிள்ளையாக இருந்தாலும், இங்கே எதிர்பார்ப்பது வெண்கல நீச்சல் பட்டயம். அது இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள்.