ரீரன் பட்டனை அழுத்தும் முன்

எங்கள் குழுவில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சர்வர் இமேஜை (புதிய சர்வர்களை எழுப்பும் அச்சு) உருவாக்கும் பில்ட் தோற்றுச் சிவப்பில் நின்றால் யாரும் லாகை (நடந்ததையெல்லாம் பதியும் கோப்பு) திறக்க மாட்டோம். ரீரன் பட்டனை அழுத்திவிட்டு வேறு வேலை பார்ப்போம். இரண்டாவது தடவை பெரும்பாலும் பச்சையாகிவிடும். மாதக்கணக்கில் இப்படியே ஓட்டினோம். ஒரு நாள் இரவு அவசரப் பாதுகாப்புத் திருத்தம் ஒன்றை ஏற்ற வேண்டியிருந்தது. அன்று பார்த்துத் தொடர்ந்து நான்கு தடவை சிவப்பு. அன்றுதான் லாகை முதல் வரியிலிருந்து படித்தேன்.

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் பேக்கேஜே கிடையாது என்று, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் சொல்லியிருந்தது. உபுண்டு லினக்ஸில், என்ஜின்எக்ஸ் கிடையாதாம்!

நடந்தது இதுதான். இமேஜ் செய்யும் கருவியான பேக்கர் ஒரு தற்காலிக இயந்திரத்தை எழுப்பி, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) திறந்த கணமே உள்ளே புகுந்து நம் ஸ்கிரிப்ட்டை ஓட்ட ஆரம்பிக்கிறது. அதே நேரத்தில் உள்ளே, இயந்திரம் முதல் தடவை எழும்போது அதன் அமைப்புகளைச் செய்யும் கிளவுட்-இனிட் தன் வேலையை முடித்திருக்காது. பேக்கேஜ்களை எங்கிருந்து எடுப்பது என்ற பட்டியலை அப்போதுதான் திருத்தி எழுதிக்கொண்டிருக்கும். அதற்கு முன்னால் நாம் முந்திக்கொண்டால் ஆப்ட்டுக்குப் பாதிப் பட்டியல்தான் தெரியும். சில நாள் அது ஜெயிக்கும், சில நாள் நாம். ‘எப்போதாவது தோற்கும் பில்ட்’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படி இரண்டு பேர் ஓடும் பந்தயம்தான். எதிராளி யார் என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் ஸ்கிரிப்ட்டின் தலையில் யாரோ ‘ஸ்லீப் 30’ (30 வினாடி சும்மா இரு) என்று எழுதி வைத்திருந்தார்கள். அது சூதாட்டம். அதை எடுத்துவிட்டு, கிளவுட்-இனிட் ஸ்டேட்டஸ் கட்டளையை வெயிட் என்ற ஆப்ஷனோடு முதல் வரியாகப் போடுங்கள். அது முடியும்வரை நம் ஸ்கிரிப்ட் காத்திருக்கும். ஒரு சின்ன எச்சரிக்கை: கிளவுட்-இனிட் 23.4 முதல், சின்னச் சின்ன எச்சரிக்கைகள் இருந்தாலே இந்தக் கட்டளை 2 என்ற எண்ணோடு வெளியே வரும். பிழை வந்தால் நில் என்று ஸ்கிரிப்ட்டில் சொல்லியிருந்தால் அங்கேயே நின்றுவிடும். 2 வந்தால் லாகில் பதிந்துவிட்டுத் தொடர்வது, 1 வந்தால் நிறுத்துவது என்று நாங்கள் வைத்திருக்கிறோம்.

இன்னொரு எதிராளி, உபுண்டு தானாகவே ஓட்டும் தினசரி அப்டேட். ஒரு நேரத்தில் ஒருவரே பேக்கேஜ் நிறுவ விடும் டிபிகேஜி பூட்டை அது பிடித்து வைத்திருக்கும்போது நாம் போனால் கதவு திறக்காது. பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று இணையத்தில் பலர் ஆலோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பாதியில் நிற்கும் நிறுவலின் மேல் இன்னொன்றை ஏற்றினால் பேக்கேஜ் தரவுத்தளமே குழம்பிப்போகும். ஆப்ட்டுக்கே டிபிகேஜி லாக் டைம்அவுட் (பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரம்) என்ற அமைப்பு இருக்கிறது. அதில் 300 வினாடி கொடுத்தால் வரிசையில் நின்று காத்திருக்கும்.

பில்ட் தோற்காமல் அப்படியே உறைந்து நிற்கிறதா? யாரோ உள்ளே கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். உபுண்டு 22.04-இல் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி இதைச் செய்யும்: எந்தெந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யட்டும் என்று திரை முழுக்கக் கேட்கும். டெபியன் ஃப்ரண்ட்எண்ட் மாறியை நான்இன்டராக்டிவ் (கேள்வி கேட்காதே) என்று வைத்திருக்கிறோமே என்பீர்கள். வைத்த பிறகு, நிர்வாகி உரிமையில் ஓட்டும் சூடோ போட்டு ஆப்ட்டை அழைத்தால், சூடோ வழக்கமாக அந்த மாறியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடும். மாறியைச் சூடோவுக்குப் பிறகு, அதே வரியில் கொடுக்க வேண்டும். இது புரிய எனக்கு ஒரு முழு நாள் ஆனது.

சரி, பில்ட் பச்சை. பச்சை பொய் சொல்லவும் செய்யும். ஒரு தடவை கருவி ஒன்றை, இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் கர்ல் கட்டளை மூலம் இறக்கி, ஓட்டும் அனுமதி கொடுத்து, இமேஜில் வைத்தோம். சர்வரில் ஓட்டினால் முதல் வரியிலேயே இலக்கணப் பிழை. கோப்பைத் திறந்து பார்த்தால் 404 (‘பக்கம் இல்லை’) பக்கத்தின் ஹெச்டிஎம்எல். கர்லைப் பொறுத்தவரை பக்கம் ஒழுங்காக வந்து சேர்ந்தது, அதனால் பிழையே இல்லை. ஃபெயில் ஆப்ஷன் கொடுத்தால்தான் 404-ஐத் தோல்வியாக எடுத்துக்கொள்ளும். அதோடு பதிப்பு எண்ணையும் கோப்பின் ஷா-256 ஹாஷையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஸ்கிரிப்ட்டில் எழுதி ஒப்பிடுங்கள். ‘லேட்டஸ்ட்’ என்ற சொல் பில்டில் எங்கே இருந்தாலும் எனக்குக் கண் உறுத்தும். நாம் தொடங்கும் பேஸ் இமேஜும் குறிப்பிட்ட ஐடியாக இருக்கட்டும். அதை மாற்றுவதை ஒரு தனி கமிட்டாக (பதிவு செய்யும் மாற்றமாக), வாரம் ஒரு தடவை செய்யுங்கள். விட்டுவிட்டால் பழைய ஓட்டைகளோடு ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

இமேஜை மூடும் முன், இயந்திரத்தின் தனி அடையாளம் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்குங்கள். இல்லையென்றால் அந்த இமேஜிலிருந்து பிறக்கும் எல்லாச் சர்வரும் ஒரே அடையாளத்தோடு எழும். நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி-யிடம் அந்த அடையாளத்தை வைத்துத்தான் முகவரி கேட்கும். இரண்டு சர்வருக்கு ஒரே ஐபி கிடைத்த கூத்தும் எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளையும் அழித்துவிடுங்கள்.

அப்புறம் சோதனை. பில்ட் செய்த அதே இயந்திரத்தில் சோதிப்பதில் பெரிய பயனில்லை. இமேஜிலிருந்து புதிதாக ஒன்றை எழுப்பி, கை வைக்காமல், அது தானாகவே கோரிக்கைக்குப் பதில் சொல்கிறதா பாருங்கள். சர்வீஸை ஸ்டார்ட் செய்துவிட்டு எனேபிள் (இயந்திரம் எழும்போதே தானாகத் தொடங்க வைப்பது) செய்ய மறந்திருந்தால் இங்கேதான் மாட்டும். பில்ட் இயந்திரத்தில் அது அழகாக ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

டெப்ளாய்மென்ட்டில் ஒரே ஒரு பிடிவாதம் போதும்: ஸ்டேஜிங்கில் (சோதனைச் சூழலில்) சோதித்த இமேஜ் எதுவோ, அதேதான் புரொடக்‌ஷனுக்கு (பயனர்கள் பயன்படுத்தும் சூழலுக்கு) போக வேண்டும். மறுபடி பில்ட் செய்தது கூடாது. ரகசியங்களும் முகவரிகளும் வெளியிலிருந்து வரட்டும். சர்வர் நலமா என்று பார்க்கும் ஹெல்த் செக் வெறும் 200 (‘சரி’) சொன்னால் போதாது, கமிட் எண்ணையும் சொல்ல வேண்டும். பழைய சர்வர்களே 200 சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்து, புதியது ஏறிவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்த நாள் உண்டு.

இமேஜ் இல்லாமல் சிம்லிங்க் (இன்னொரு அடைவைச் சுட்டும் இணைப்பு) மாற்றி டெப்ளாய் செய்பவர்கள் கவனிக்க: எல்என் கட்டளை பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதியதைப் போடலாம். நடுவில் நொடிப்பொழுது எதுவுமே இருக்காது. தற்காலிகப் பெயரில் புதிய இணைப்பை உருவாக்கி, எம்வி (நகர்த்தும் கட்டளை) மூலம் பழையதன் மேல் நகர்த்தினால் அந்த இடைவெளி கிடையாது. எம்வி-க்குப் பெரிய ‘டி’ ஆப்ஷன் கொடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பழைய இணைப்பு காட்டும் அடைவுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

பழைய பதிப்புக்குப் பின்வாங்குவதைப் பற்றி ஒன்று. பின்வாங்கப் பழைய இமேஜ் கையில் இருந்தால் மட்டும் போதாது, தரவுத்தளமும் ஒத்துழைக்க வேண்டும். ஒரு நெடுவரிசையை நீக்க வேண்டுமென்றால், அதைப் பயன்படுத்தாத நிரலை முதலில் ஏற்றுங்கள். நீக்குவது அடுத்த ரிலீஸில்.

ரீரன் பட்டன் இன்னும் இருக்கிறது. எந்த வரியில் நின்றது, ஏன் என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் அழுத்த வேண்டும். கடைசியாக எழுதப்பட்டது: ‘மிரர் (பேக்கேஜ்களின் நகல் சர்வர்) 503 (இப்போது சேவை இல்லை) கொடுத்தது. ஆப்ட்டுக்கு மூன்று மறுமுயற்சி சேர்த்திருக்கிறேன்.’