கடலூர் மாவட்டத்தில் முதியோருக்கான உதவிகள்: எதற்கு எந்த அலுவலகம்

முதியவர் ஒருவருக்காக உதவி கேட்டுக் கடலூரில் அலுவலகப் படி ஏறுபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, முதியோருக்கென்று எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் செய்து தரும் அலுவலகம் எதுவும் இல்லை என்பதே. மாத உதவித்தொகை வருவாய்த் துறையிடம் இருக்கிறது. மருந்து மக்கள் நல்வாழ்வுத் துறையிடமும், பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற சட்டம் தொடர்பான உதவி சமூக நலத் துறையிடமும், அரிசி உணவுப் பொருள் வழங்கல் துறையிடமும் இருக்கின்றன. மஞ்சக்குப்பத்தில் இறங்கி அரை நாள் அலைந்துவிட்டு, ‘இது எங்கள் வேலை இல்லை’ என்ற பதிலோடு திரும்புவோரில் பெரும்பாலோருக்குத் தகுதி இருந்தும், தட்டிய கதவுதான் தவறாகிவிடுகிறது.

ஆனால் கதவைத் தட்டுவதற்கு முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகிய மூன்றிலும் பெயரும் பிறந்த ஆண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆதாரில் ‘அஞ்சலாட்சி’ என்றும் குடும்ப அட்டையில் ‘அஞ்சலை’ என்றும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்பது ஊருக்கே தெரிந்தாலும் கணினிக்குத் தெரியாது. நான் உடன் சென்ற மூதாட்டி ஒருவருக்கு இந்த ஒரு வேறுபாட்டைச் சரிசெய்யவே நான்கு மாதம் ஆயிற்று. பிறந்த தேதி தெரியாத பலருக்கு ஆதார் எடுத்தபோது தோராயமான ஆண்டு பதியப்பட்டிருப்பதால், உண்மையில் 65 வயதானவர் தாளில் 58 வயதினராக நிற்பதும் உண்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுப்பட்டு விரல் ரேகை தேய்ந்துபோவதால் கருவி அவர்களை ஏற்பதில்லை. அவர்கள் ஆதார் மையத்தில் ரேகையையும் கருவிழியையும் புதிதாகப் பதிந்துகொள்வதும், ரேகை கேட்கும் இடங்களில் கருவிழிப் பதிவைக் கேட்டுப் பெறுவதும் நல்லது.

இனி, உதவித்தொகை. மக்கள் ‘ஓ.ஏ.பி.’ என்று சொல்லும் முதியோர் உதவித்தொகை, 60 வயது நிறைந்த ஆதரவற்ற முதியவர்களுக்கு மாதந்தோறும் வழங்கப்படுகிறது. 2023-இல் அது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இந்திரா காந்தி தேசிய முதியோர் உதவித்தொகைத் திட்டத்தின்கீழ் வருவோருக்கு இதில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை 200 ரூபாய், 80 வயது முதல் 500 ரூபாய். எஞ்சியதை மாநில அரசு ஏற்கிறது. விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவற்றிலும் இம்மையங்கள் இயங்குவதால், இதற்காக வட்டத் தலைநகர் வரை போக வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. பதிந்த விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணைக்குப் பிறகு, வட்டாட்சியர் அலுவலக வளாகத்திலேயே தனியாக அமர்ந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் செல்கிறது. பட்டாவுக்காகப் பார்க்கும் வட்டாட்சியர் வேறு, இவர் வேறு.

விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் அந்த நேரடி விசாரணையில்தான். ஆதரவற்றவர் என்பதே இத்திட்டத்தின் அடிப்படை என்பதால், ‘பிள்ளை இருக்கிறானா’ என்ற கேள்வி கட்டாயம் வரும். நம் பெரியவர்கள் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், ‘இருக்கிறான், நல்லா பார்த்துக்கிறான்’ என்று மானம் காத்துப் பேசிவிட்டுப் பிறகு வருந்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பொய் சொல்லச் சொல்லவில்லை. மகன் திருப்பூரில் இருந்துகொண்டு பணம் அனுப்புவதில்லை என்றால், அந்த உண்மையைத் தயங்காமல் சொல்லி, எழுத்திலும் கொடுக்க வேண்டும். விசாரணைக்கு வரும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, அன்று பெரியவர் வீட்டில் இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். மனு தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதையும் இணைத்து மனு கொடுக்கலாம். 1100 என்ற முதல்வரின் உதவி மையத்திலும் புகாரைப் பதியலாம்.

தொகை கிடைக்கத் தொடங்கிய பிறகும் கவனம் வேண்டும். வங்கி முகவர் வீட்டுக்கு வந்து பணம் தரும் ஊர்களில், ‘செலவுக்கு’ என்று ஐம்பது நூறு பிடித்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. முழுத் தொகையையும் எண்ணி வாங்க வேண்டும்.

மருத்துவத்தைப் பொறுத்தவரை, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மருந்து வாங்கப் பேருந்து ஏறுவோர் தம் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொண்டால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் மருந்து வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் இதில் அடங்கும். அறுவை சிகிச்சை போன்ற பெரிய செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு தருகிறது. இந்த அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள். கண்புரைக்கு, கடலூரிலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் தவளக்குப்பத்தில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையில் இலவசப் பிரிவு உண்டு. கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கும் நம் மாவட்டத்தார் தாராளமாகப் போய் வருகிறார்கள். ஆனால் புதுச்சேரி அரசின் முதியோர் உதவித்தொகை அந்த யூனியன் பிரதேசத்தில் வசிப்போருக்கு மட்டுமே உரியது. அங்கே தொகை அதிகம் என்பதற்காக உறவினர் வீட்டு முகவரியைக் காட்டி விண்ணப்பிப்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

பிள்ளைகள் கைவிட்ட நிலையில் சோறும் மருந்தும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 விடை சொல்கிறது. மகனுக்கு இருக்கும் பொறுப்பு மகளுக்கும், வயது வந்த பேரன் பேத்திக்கும் உண்டு. வாரிசு இல்லாதவர், தம் சொத்தை அனுபவிக்கும் அல்லது பின்னால் பெறவிருக்கும் உறவினரிடம் கேட்கலாம். பிள்ளை சிங்கப்பூரில் இருந்தாலும், அவர் இந்தியக் குடிமகனாக இருக்கும்வரை சட்டம் அவருக்கும் பொருந்தும். மனுவைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். நம் மாவட்டத்தில் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் என மூன்று கோட்டங்கள் உள்ளன. வெள்ளைத் தாளில் நடந்ததை எழுதினால் போதும், வழக்கறிஞர் தேவையில்லை. எழுத இயலாதவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உதவும்; அதற்கான தொலைபேசி எண் 15100. பிள்ளைகளுக்கு அறிவிப்பு சென்ற நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும், சிறப்புக் காரணம் இருந்தால் இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம் என்றும் சட்டம் கூறுகிறது. தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை விதிக்கலாம். அதன் முடிவில் குறை இருந்தால், பெற்றோர் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இதே சட்டத்தின் 23-ஆம் பிரிவைச் சொத்து எழுதி வைக்கப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வீட்டையோ நிலத்தையோ எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்கத் தவறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரலாம். ஆனால் நிபந்தனை இருந்தது என்பதை மெய்ப்பிக்க வேண்டியவர் எழுதிக் கொடுத்தவரே. ஆகவே செட்டில்மென்ட் (வாழும்போதே சொத்தை மற்றவருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதும்போது, ‘என் ஆயுள்வரை உணவு, உறைவிடம், மருத்துவம் அளித்து என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற வரியைப் பத்திரத்துக்குள்ளேயே சேர்க்கச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் ‘குடும்பத்துக்குள் எதற்கு அதெல்லாம்’ என்பார், கேட்காதீர்கள். அவசரமில்லை என்றால் செட்டில்மென்டே வேண்டாம், உயில் போதும். உயிலைத் தம் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

நியாயவிலைக் கடைக்கு நடக்க முடியாதவர்கள், தமக்காகப் பொருள் வாங்க வேறொருவருக்கு அங்கீகாரம் அளிக்கும் படிவத்தைக் கடையிலேயே கேட்டு நிரப்பிக் கொடுக்கலாம். தனித்து வாழும் முதியவர்களுக்கு வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டமும் 2025 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது.

தெருவில் ஆதரவின்றிக் கிடக்கும் முதியவரைக் கண்டாலோ, வீட்டுக்குள் ஒருவர் அடித்துத் துன்புறுத்தப்படுவது தெரிந்தாலோ, 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம். அது காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எல்லா நாளும் இயங்குகிறது. இரவு நேர ஆபத்துக்கு 108 அல்லது காவல் நிலையம்தான்.

மழைக்காலத்துக்கான ஏற்பாடு கடலூருக்கே உரிய ஒன்று. சுனாமியையும் 2011-இன் தானே புயலையும் கண்ட தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு போன்ற கரையோர ஊர்களிலும் தென்பெண்ணை, கெடிலம் கரைகளிலும் தனியாக இருக்கும் முதியவர்களின் பெயரையும், யாரைத் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கும் என்பதையும் ஐப்பசி பிறக்கும் முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெள்ளம் வந்துவிட்டால் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. நிவாரண முகாமுக்குக் கிளம்பும்போது குறைந்தது பத்து நாள் மாத்திரையும், பிளாஸ்டிக் உறையில் போட்ட ஆதார், வங்கிப் புத்தகம், ஓ.ஏ.பி. ஒப்புகைச் சீட்டு ஆகியவையும் பெரியவரின் பையிலேயே இருக்கட்டும்.